டங்கனும் பதினாலு வயசும்: கல்லடி அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அண்ணன்,
அமெரிக்க பாஸ்கட்போல்காரன் டிம் டங்கனப் பத்தி நீங்க எழுதினத மகன்தான் போன்ல காட்டினான். அவனுக்கு இப்ப 14. திடீரெண்டு வளந்துட்டான், ரெண்டு மாசமா பாஸ்கட்போலுக்குப் போறான். ஆனா அவன்ட செட்டுப் பொடியன்மார் சின்னதுல இருந்தே விளையாடுறாங்களாம், இவனுக்குப் பந்தே தரமாட்டாங்களாம். இவர் சொல்றார் ஓ லெவலுக்கு ரெண்டு வருசம்தான் இரிக்கு, நிப்பாட்டிட்டு மெட்ஸ் கிளாசுக்கு அனுப்பு எண்டு. பிந்திட்டா அண்ணன்? படிப்பு கெட்டிருமா? டங்கன்ட விளையாட்டு போரிங் எண்டும் மகன் சொல்றான்.
கல்லடியில இருந்து ஒரு அம்மா

அன்புள்ள தங்கச்சி,

பிந்தல்ல. டங்கன் ஒழுங்கா விளையாடத் தொடங்கினதே உங்கட மகன்ட வயசுலதான். அதுக்கு முதல் அவர் நீச்சல்காரன். கரிபியன் கடல்ல செயின்ட் குரோய் எண்டு ஒரு சின்னத் தீவு, அக்கா ட்ரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்ல நீந்தினவ, தம்பியும் அந்த வழியிலதான் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பர்ல ஹியூகோ சூறாவளி வந்து அந்தத் தீவுல இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்த நாசமாக்கிட்டு. கடல்ல பயிற்சி செய்யலாம்தான், ஆனா அவருக்குச் சுறாவுக்குப் பயம். 1978 நவம்பர் 23 ராவு நம்மட மட்டக்களப்புல அடிச்ச சூறாவளிய நான் சின்னப் புள்ளையாக் கண்டவன், விடிஞ்சு பாத்தா வளவுத் தென்னையெல்லாம் ஒரே பக்கமாப் படுத்திருக்கு, ஓடில்லாத வீட்டுக்குள்ள நிண்டு உம்மா வீட்டார் அம்மா வீட்டார் எண்டு வித்தியாசமில்லாம எல்லாரும் வானத்தப் பாத்துக்கொண்டு நிண்டாங்க, அதால ஹியூகோவப் பத்தி வாசிக்கக்குள்ள எனக்குப் படம் ஒண்டும் தேவைப்படல்ல.

ஹியூகோவுக்கு அடுத்த ஏப்ரல்ல, டங்கன்ட 14வது பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர்ட அம்மா மார்புப் புற்றுநோயால செத்துப்போனா. மருத்துவிச்சியா வேலை செஞ்சவ, நீச்சல் போட்டியெண்டா கரையில நிண்டு ஆக்களுக்கெல்லாம் மேலாக் கத்துறவ. அதுக்குப் பிறகு அவர் போட்டிக்கு நீந்தவே இல்ல. மூத்தக்காட புருஷன் ரிக்கி லவரிதான் ரிங்குக்குக் கீழ கூட்டிப்போய் பழக்கினவர், ஆள் இவ்வளவு வளருவார் எண்டு அத்தான் நினைக்கல்ல, அதால கட்டையான ஆக்கள் செய்யுற வேலையெல்லாம் பழக்கினார், பந்தத் தட்டிக்கொண்டு போறது, வெளிய நிண்டு போடுறது. பிறகு 6 அடி 11 அங்குலம் வளந்த உடம்புல அந்தக் கை இரிந்தது. இத மகனுக்குச் சொல்லுங்க, பந்து தராத நேரம் அவன் பழகக்கூடிய வேலை நிறைய இரிக்கு.

இனி படிப்பு. பட்டம் முடிக்கோணும் எண்டு டங்கன்ட அம்மா கேட்டு வாங்கின வாக்கு ஒண்டு இரிந்தது. வேக் ஃபொரஸ்ட் யுனிவர்சிட்டியில ரெண்டு வருசம் முடியக்குள்ளயே அமெரிக்காட பெரிய பாஸ்கட்போல் லீக்கான என்பிஏ ஆக்கள் கதவத் திறந்து வச்சுக்கொண்டு நிண்டாங்க, கோடிக்கணக்கில காசு. அவர் போகல்ல. நாலு வருசமும் இருந்து சைக்கோலஜி பட்டத்த எடுத்துட்டுத்தான் 1997ல டிராஃப்ட்ல, அதாவது என்பிஏ டீம்கள் புது ஆக்களத் தெரிவு செய்யுறதுல, முதலாவது ஆளா சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமுக்குப் போனார். 19 சீசன், ஒரே டீம், 5 சம்பியன்ஷிப். உங்கட வீட்டுக்காரருக்கு இத வாசிச்சுக் காட்டுங்க. உங்கட மகன் ஸ்டார் ஆவான் எண்டு நான் சொல்லமாட்டன், நம்மட ஊருல இந்த விளையாட்டு சம்பளம் தராது. ஆனா பந்து படிப்பத் தின்னும் எண்டுற பயத்த மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டன். 1948ல அமெரிக்காட லூசியானாவுல இருந்து வந்த கத்தோலிக்கக் குரு ஹெபியர் சுவாமி மிக்கேல் கல்லூரியில பந்தையும் படிப்பையும் ஒரே வளவுக்குள்ள வச்சுப் பழக்கின ஊர் இது, 1990 ஓகஸ்ட்ல அவர் காணாமல் போன பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகல்ல.

போரிங் எண்டுறானே, அதுக்குத்தான் எனக்கு மனசு கேக்கல்ல. டங்கன்ட சொட் போர்ட்டுல, அதாவது ரிங்குக்குப் பின்னால இரிக்கிற பலகையில, அடிச்சு விழுறது. ரிங்குக்குச் சரிவா நிப்பார், போர்ட்டுல கீறியிருக்கிற பெட்டிட மேல் மூலையப் பாப்பார், பந்து அதுல பட்டு உள்ளுக்குப் போகும், கத்தல் இல்ல, நெஞ்சில அடிக்கிறதில்ல. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல நம்மட வெளிக் கோர்ட்டுல தூரத்துல நிண்டு எறிஞ்சு பாக்கச் சொல்லுங்க, பந்து காத்தோட வளைஞ்சு போறத அவனே காணுவான். கிட்ட நிண்டு போர்ட்டுல அடிச்சாக் காத்து ஒண்டும் செய்ய ஏலா.

அப்பிடிப்பட்ட ஆளும் கோட்டை விட்டிருக்கார். 2013 என்பிஏ பைனல், மியாமி டீமோட, கடைசியான ஏழாவது மெட்ச், மியாமியில. ரெண்டு பொயின்ட் பின்னுக்கு, ஒரு நிமிசமும் இல்ல, தன்னவிடக் கட்டையான மியாமி ஆள் ஷேன் பட்டியேக்கு மேலால ரிங்குக்குக் கிட்ட நிண்டு போட்டது விழல்ல, திரும்பத் தட்டினதும் விழல்ல, மறுபக்கம் ஓடிப்போய்க் குனிஞ்சு ரெண்டு கையாலயும் தரையில அடிச்சார். அப்ப அவருக்கு 37 வயசு. அண்டைக்கு ராவு எனக்கு நித்திரை வரல்ல. அடுத்த வருசம் அதே மியாமிய 4க்கு 1 எண்டு அடிச்சுட்டுக் கப் எடுத்தாங்க. 2016ல விளையாட்ட விடக்குள்ளயும் பிரியாவிடை ஊர்வலம் ஒண்டும் வைக்கல்ல, டீம் ஒரு அறிக்கை விட்டது, அவ்வளவுதான்.

மெட்ஸ் கிளாசுக்கும் விடுங்க, கோர்ட்டுக்கும் விடுங்க. சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு, மத்தப் பொடியன்மார் வர முதல், தனியப் போய் இடப்பக்கம் 50, வலப்பக்கம் 50 போர்ட்டுல அடிக்கச் சொல்லுங்க. பந்துல காத்துக் குறைஞ்சிருந்தா சைக்கிள் கடையில அடிக்கலாம், ஊசிய மட்டும் மறக்காமக் கொண்டு போகட்டும்.