வாசகர் கேட்டவை: கிளைடர் பந்தயத்துக்கு உள்ளூர் விதியா, உலக விதியா?

கேள்வி: எங்கள் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம்) சங்கத்தில் ஓயாத வாக்குவாதம். அமெரிக்காவுக்கென்று தனி விதி எதற்கு, உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விதியையே எல்லாப் பந்தயத்துக்கும் வைத்துவிடலாமே என்கிறது ஒரு கட்சி. நம் விதிதான் பத்திரம் என்கிறது இன்னொரு கட்சி. எது சரி? (டாலஸ் வாசகர்)

பதில்: பந்தயம் எதற்காக நடக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். எஃப்.ஏ.ஐ.யின் கிளைடர் பிரிவான ஐ.ஜி.சி. எழுதும் 'அனெக்ஸ் ஏ' என்ற விதித்தொகுப்பு உலக சாம்பியன்ஷிப்பையும் கண்ட அளவிலான சாம்பியன்ஷிப்பையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. அமெரிக்க கிளைடர் சங்கமான எஸ்.எஸ்.ஏ.வின் விதிகளோ, புதிதாகப் பந்தயத்துக்கு வருபவரும் முப்பது வருட அனுபவசாலியும் ஒரே ஓடுதளத்திலிருந்து கிளம்பும் வட்டாரப் போட்டிக்கும் சேர்த்து எழுதப்பட்டவை. உலகப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும் தேசியப் போட்டி என்றால் எஃப்.ஏ.ஐ. விதியில் நடத்துவதே நியாயம். மற்றவற்றில் அவசரம் வேண்டாம்.

கேள்வி: இரண்டிலும் வேகமாகப் பறந்தவர்தானே ஜெயிக்கிறார்? புள்ளிக் கணக்கில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: சண்டையின் வேரே அங்கேதான் இருக்கிறது. டர்ன்பாயின்ட்டின், அதாவது பாதையில் தொட்டுத் திரும்ப வேண்டிய இடத்தைச் சுற்றிய வட்டத்தின், ஆரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

அமெரிக்க விதியில், பாதையை முடித்தவரின் புள்ளி அவருடைய வேகத்துக்கு நேர்விகிதம். முதலிடம் பெற்றவருக்கு (இங்கே 'முதல்வர்') 1000, அவரைவிட 5 சதவீதம் மெதுவாக வந்தால் 950. எஃப்.ஏ.ஐ.யின் வழக்கமான சூத்திரத்தில் எல்லோரும் முடித்த நாளில் தூரத்துக்கு 333 புள்ளி, வேகத்துக்கு 667. அந்த 667-ம் முதல்வரின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வருபவர்களுக்குத்தான் பகிரப்படுகிறது. அதே 5 சதவீதம் மெதுவானவருக்கு இங்கே 900. இழப்பு இரட்டிப்பு.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பங்கீடே மாறிவிடும். 20 பேர் பறக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். பாதையின் 80 சதவீதத்தில் நீங்கள் மட்டும் வயலில் இறங்கிவிட்டீர்கள், மற்ற 19 பேரும் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 293, முதல்வருக்கு 1000. இப்போது மோசமான நாள் ஒன்று: எல்லோரும் 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறார்கள், ஆனால் 4 பேர்தான் முடிக்கிறார்கள். முதல்வருக்கே 840தான். அதே 80 சதவீதத்தில் இறங்கியவருக்கு 582.

அதாவது தனியாக வழியில் இறங்கினால் 700 புள்ளி போகிறது. பலரோடும் சேர்ந்து இறங்கினால் 260கூடப் போவதில்லை. தனியாகத் துணிந்து போய் 5 சதவீதம் முந்தினாலும் லாபம் வெறும் 100. இந்தக் கணக்குத் தெரிந்த எந்தப் பைலட்டும் கூட்டத்தை விட்டுப் போகமாட்டார். ஒரே தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றில்) இருபது கிளைடர் சுற்றுவதைக் கண்டு பைலட்டுகளைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியது சூத்திரத்தை.

கேள்வி: இதுவரை அமெரிக்க விதியில் மட்டும் பறந்தவன். எஃப்.ஏ.ஐ. விதியில் நடக்கும் போட்டிக்குப் போகிறேன். கருவிகளில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: முதல் வேலை, டர்ன்பாயின்ட்டின் ஆரம். அமெரிக்க விதியில் 1 மைல், அதாவது 1,609 மீட்டர். இங்கே 500 மீட்டர். பழைய பந்தயக் கோப்பைத் திறந்து பாதையை மட்டும் மாற்றிவிட்டு ஆரத்தை மறப்பதுதான் பலருக்கும் நடக்கிறது. கருவி 'உள்ளே வந்தாச்சு' என்று ஒலி எழுப்பும், திரும்பிவிடுவீர்கள். உண்மையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும்.

அடுத்தது, பறந்த பாதையைப் பதியும் கருவியான லாகர். 10 விநாடிக்கு ஒரு பதிவு என்று வைத்திருந்தால், மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே 500 மீட்டர் போய்விடுவீர்கள். மையத்திலிருந்து 490 மீட்டர் தள்ளி வட்டத்தின் ஓரத்தை உரசிப் போனால் உள்ளே இருப்பது சுமார் 200 மீட்டர், நான்கே விநாடி. பதிவு இடைவெளியை 1 அல்லது 2 விநாடிக்குக் குறையுங்கள். ஓரத்தை உரசாமல் நூறு மீட்டராவது உள்ளே போய்த் திரும்புங்கள். சின்ன வட்டத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவதால், திரும்பிய கையோடு எதிரே வருபவர்களைத் தேட வேண்டும். 1 மைல் வட்டத்தை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணமும் இதுதான், அதில் நியாயம் உண்டு.

பிறகு தொடக்கம். 5 மைல் ஆரச் சிலிண்டர் (வானில் குறித்த கற்பனை உருளை), உயர வரம்புக்குக் கீழே 2 நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்புவது என்ற பழக்கத்தைக் கழற்றி வையுங்கள். இங்கே பெரும்பாலும் தாண்டிக் கிளம்ப வேண்டிய ஒரு கோடு. சில போட்டிகளில் 'பைலட் ஈவன்ட்' முறையும் உண்டு: லாகரில் பொத்தானை அழுத்தி, குறித்த நிமிடங்கள் காத்திருந்து, அதற்குப் பின் தரப்படும் நேரத்துக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். அடுத்தவன் கிளம்பட்டும் என்று கோட்டுக்குப் பின்னால் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதை உடைக்கத்தான் இது. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தரையிலேயே அழுத்திப் பழகுங்கள். உயரம் அடியிலா மீட்டரிலா என்று காலைக் கூட்டத்தில் கேட்டு, அதே அலகைத் திரையில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்க விதியில் விட்டுவிடக் கூடாதது என்று ஏதாவது உண்டா?

பதில்: இரண்டு. ஒன்று 'மேட்' எனப்படும் மாடிஃபைடு அசைன்டு டாஸ்க் (டாஸ்க் என்றால் அன்றைய பந்தயப் பணி). முதல் சில டர்ன்பாயின்ட்டுகளைப் போட்டி இயக்குநர் தருவார், மீதியைப் பைலட்டே தேர்ந்து குறைந்தபட்ச நேரத்தை நிரப்பலாம். அனெக்ஸ் ஏ-யில் இதற்கு இடமில்லை. வானிலை துண்டு துண்டாக இருக்கும் நாளில், பல வகை கிளைடர்கள் கலந்த ஸ்போர்ட்ஸ் கிளாஸுக்கு இதைவிட நல்ல டாஸ்க் கிடையாது. மற்றது, பாதையை முடிக்க முடியாதவர் வயலுக்குப் பதிலாக விமான நிலையத்தில் இறங்கினால் தரப்படும் 25 புள்ளி. வழியில் இறங்கிப் புள்ளி இழந்தவருக்கு 25 சின்னத் தொகை இல்லை. 'இன்னும் இரண்டு கிலோமீட்டர் இழுத்துப் பார்ப்போம்' என்று தாழ்வாகப் போகிறவரை ஓடுதளத்தின் பக்கம் திருப்ப அது போதும்.