அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழுவில் சேரலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: ராத்திரி ரோந்து போக என் உடம்பு ஒத்துழைக்காது. நான் சேர்ந்து என்ன பயன்?

ரோந்தே இல்லாத குழுக்கள் நிறைய உண்டு. வீட்டில் இருந்தபடி கவனிக்கிறவர்கள்தான் பெரிய பலம். இங்கிலாந்தில் ராச்டேல் பக்கம் கிர்கோல்ட் என்ற குடியிருப்பில் 1980களில் நடந்ததைச் சொல்கிறேன். திருட்டுப் போன வீட்டுக்குச் சில வாரங்களிலேயே திருடன் மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால் அந்த வீட்டை ஒட்டிய ஐந்தாறு வீட்டாரிடம், "இந்த வீட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். பூட்டுகளையும் பலப்படுத்தினார்கள். மூன்றே ஆண்டுகளில் அங்கே வீடு புகுந்து திருடுவது முக்கால்வாசி குறைந்துவிட்டது. உங்கள் ஜன்னலோர நாற்காலி போதும், தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: தெரியாத ஆள் தெருவில் நின்றால் போய் விசாரிக்கலாமா?

முகம் புதிது என்பதற்காக யாரையும் சந்தேகப்படாதீர்கள். உடையும் நிறமும் காரணம் ஆகாது. செய்கையைப் பாருங்கள்: ஒவ்வொரு கேட்டாகத் தள்ளிப் பார்க்கிறாரா, பூட்டிய வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாரா? அப்படியென்றால் போலீசுக்குப் போன் செய்யுங்கள். நேரம், வண்டி எண், எந்தப் பக்கம் போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், காலைப் பாருங்கள். பயிற்சியில் ஒருவரைப் பத்து விநாடி நடக்கவிட்டு அடையாளம் எழுதச் சொல்வேன். எல்லாரும் சட்டை நிறத்தை எழுதுவார்கள், செருப்பை எழுதுகிறவர் அபூர்வம். சட்டையை ஓடுகிற ஓட்டத்தில் மாற்றிவிடலாம், செருப்பை மாற்றுவது கஷ்டம்.

பின்தொடர மட்டும் வேண்டாம். 2012இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டில், கண்காணிப்புத் தொண்டர் ஒருவர் 17 வயதுப் பையனைச் சந்தேகப்பட்டுப் பின்னால் போனார். "அது தேவையில்லை" என்று போலீஸ் தரப்பில் போனிலேயே சொன்னார்கள். சில நிமிடங்களில் அந்தப் பையன் அவருடைய துப்பாக்கிக்குப் பலியானான். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

கேள்வி: டார்ச்சும் கம்பும் எடுத்துப் போகலாமா?

டார்ச் சரி. கம்பு வேண்டாம். கையில் கம்பு இருந்தால் கால் தானாக முன்னே போகும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒருவர் படத்தைப் போட்டு "உஷார்" என்கிறார்கள்.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பொட்டலம் கொடுக்க வந்து வீட்டு எண் தேடிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். அந்தப் படம் எங்கே போய் நிற்கும், யார் அவரை மறித்து அடிப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. படத்தைப் போலீசிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: சேருவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

காவல் நிலையத்தில் இந்தக் குழுவோடு பேசுகிற அதிகாரி யார் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் யோசியுங்கள். அடுத்தது, வெளியூர் போகிற வீடுகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? ஒருவர் இருவரிடம் இருந்தால் நல்லது. எழுபது பேர் பார்க்கிற குழுவில் "நாங்கள் பத்து நாள் ஊரில் இல்லை" என்று போடுகிற வழக்கம் இருந்தால், முதல் கூட்டத்திலேயே எழுந்து அதை மாற்றச் சொல்லுங்கள்.