ஐ-லீக்கைச் சிறிதாக்கியவர்கள் யார்?

கேள்வி: 2018–19 ஐ-லீக் கால்பந்து சீசனில் சென்னை சிட்டி எஃப்சி பட்டம் வென்றதைச் சென்ற இதழில் பெரும் சாதனையாக எழுதியிருந்தீர்கள். பெரிய அணிகள் எல்லாம் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் தர லீக்கில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த வெற்றிதானே அது? அந்த அணியே இப்போது ஐ-லீக்கில் இல்லையே! – வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள 'இரண்டாம் தர' என்ற சொல் அந்த சீசனுக்குப் பொருந்தாது. ஆசிய நாடுகளின் கிளப் அணிகள் மோதும் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்குச் செல்லும் இடம் அப்போது ஐ-லீக் சாம்பியனுக்குத்தான் இருந்தது. கொல்கத்தாவின் பழம்பெரும் அணிகளான, 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பகானும் 1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்காலும் அந்த லீக்கில்தான் ஆடின. இவற்றில் மோகன் பகான் ஐந்தாம் இடத்தில் முடித்தது. முதன்முறையாக ஐ-லீக்கில் ஆட வந்த ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர் மூன்றாம் இடம் பிடித்தது. பெரிய அணி, சிறிய அணி என்ற கணக்கை அந்த ஆண்டு களமே மாற்றி எழுதியிருந்தது.

ஒரு புள்ளிதானே என்கிறீர்கள். அந்த ஒரு புள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள். 2019 மார்ச் 9 அன்று கடைசிச் சுற்று தொடங்கியபோது சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவை நேரு ஸ்டேடியத்தில் எதிரே நின்றது முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே அது கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். ஆனால் சமநிலை போதாது, ஏனெனில் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவிடம் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால், கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல் அடித்து 2–1 என வென்றுவிட்டது. கோவையில் ஆட்டம் 1–1 என்றே முடிந்திருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். கோல் அடிப்பதற்கென்று பெயர் வாங்காத கௌரவ் போரா, இரண்டாவது கோலையும், கூடுதல் நேரத்தில் மூன்றாவதையும் அடித்து அதைத் தடுத்தார். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்த அணி, அதற்கு முந்தைய சீசனில் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல்கள் அடித்தார்.

ஐஎஸ்எல் அணிகளுக்கு முன்னால் நிற்க முடியுமா என்ற ஐயத்துக்கும் அடுத்த சில வாரங்களிலேயே பதில் கிடைத்தது. இரண்டு லீக்குகளின் அணிகளும் மோதும் சூப்பர் கப் போட்டியின், புவனேஸ்வரத்தில் நடந்த காலிறுதியில், அந்த ஆண்டின் ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு எஃப்சியை சென்னை சிட்டி 2–1 என வீழ்த்தியது. அரையிறுதியில் கோவா அணியிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்படியானால் 'சிறிய லீக்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 2010இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதன் வழியே 2014இல் ஐஎஸ்எல் பிறந்தது. புதிய போட்டிக்குப் பணமும் விளம்பரமும் ஒளிபரப்பும் குவிந்தன. சென்னை சிட்டி முதலிடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே சீசனின் நடுவில், தொலைக்காட்சியில் காட்டப்படும் ஐ-லீக் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பட்டம் வென்ற ஏழே மாதத்தில், 2019 அக்டோபரில், ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல்நிலை லீக் என்பது கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய கூட்டத்தில் உறுதியானது. எந்த அணியும் எந்த அணியிடமும் தோற்று நிகழ்ந்த மாற்றம் அல்ல அது. மேசையில் எடுத்த முடிவு. அந்த முடிவின் விளைவை வைத்து ஆட்டக்காரர்களின் தரத்தை அளப்பது நியாயமில்லை என்பதே உங்களோடு எனக்குள்ள வழக்கு.

அணி இப்போது இல்லை என்பது உண்மை. எனக்கு அது ஆறாத வருத்தம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியுடனான தன் 'சொந்த மண்' ஆட்டத்தை அது கோவையிலோ சென்னையிலோ ஆடவில்லை. அகமதாபாத்தில் ஆடி 0–1 எனத் தோற்றது. அதற்குள் ஐ-லீக்கை வென்றாலும் மேலே ஏறப் படியில்லை என்றாகியிருந்தது. அப்படிப்பட்ட லீக்கில் எந்த முதலாளி எத்தனை ஆண்டு பணம் போடுவார்?

ஐ-லீக் சாம்பியன் ஐஎஸ்எல்லுக்கு உயரும் வழி 2022–23 சீசனில்தான் திறந்தது. அதில் முதலில் ஏறிப் போனது பஞ்சாப் எஃப்சி. அன்று கோவையில் 3–1 எனத் தோற்ற மினர்வாதான் உரிமையாளரும் பெயரும் மாறி அந்த அணியானது. சென்னை சிட்டி அதற்குள் லீக்கை விட்டே போயிருந்தது.