பில் போடாமல் தொழில் செய்யலாமா?

வணக்கம் ஐயா,

கோவை கணபதியில் ஒரு சிஎன்சி (கணினி மூலம் இயங்கும் கடைசல் மெஷின்) பட்டறையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 34. பழைய மெஷின் ஒன்றை வாங்கிச் சொந்தமாக ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது, தொடங்க ஆசை. தெரிந்த பார்ட்டிகள் இரண்டு பேர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் 8 லட்சம். சேமிப்பு 6 லட்சம் இருக்கிறது, மனைவியின் நகையை வைத்தால் மீதி வரும். ஏற்கெனவே தொழிலில் இருக்கும் நண்பர், “பாதி வேலைக்குப் பில் போடாதே, அப்போதுதான் நாலு காசு சேரும்” என்கிறார். சரியா? சொந்தத் தொழிலில் சொத்து சேர எத்தனை வருடம் ஆகும்?

ச., கோவை

அன்புள்ள ச.,

நண்பர் சொல்வது தவறு. நேர்மைக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் பணத்துக்காகவும் சொல்கிறேன்.

கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு பாக்கெட் போடத் தொடங்கினார். இன்றைய கெவின்கேர் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஈடு காட்டச் சொத்து இல்லாததால் முதல் வங்கிக் கடன் கிடைக்கவே மூன்று வருடம் ஆனது. அதுவும் 25,000 ரூபாய்தான். அந்த விண்ணப்பத்தில் வங்கி மேலாளர் எழுதிய குறிப்பைப் பற்றி அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்: இவரிடம் ஈடு ஒன்றுமில்லை, ஆனால் மற்ற சிறுதொழில்காரர்களைப் போலில்லாமல் இவர் வருமான வரி கட்டுகிறார்! அந்தக் கடன் பிறகு 4 லட்சமாகவும் 15 லட்சமாகவும் உயர்ந்தது.

இரண்டாவது மெஷினுக்கு நீங்களும் வங்கிக்குப் போவீர்கள். ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்பார்கள். பாதியை மறைத்திருந்தால் மீதிப் பாதிக்குத்தான் கடன் கிடைக்கும். பற்றாக்குறைக்கு வட்டிக்காரரிடம் போக வேண்டும். வரியில் மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போய்விடும்.

இன்னொன்று, பில் இல்லாத வேலைக்குப் பார்ட்டி இழுத்தடித்தால் எதை வைத்துக் கேட்பீர்கள்? குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் சிறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இந்தக் கெடுவைத் தாண்டினால், பணத்தைக் கட்டும் வரை வாங்குபவர் அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. ஆகவே பெரிய கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவே இப்போது உத்யம் சான்றிதழை, அதாவது நீங்கள் சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவை, கேட்கிறது. முதல் வேலையாக அதைப் பதிவு செய்யுங்கள். அரசின் தளத்தில் இலவசம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆனாலும், சட்டம் இருப்பதால் 45ஆம் நாள் பணம் வந்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஜாப் ஒர்க்கில் 90 நாள் இழுப்பது சாதாரணம். உங்களுக்கே தெரியும். வாடகை, கரண்ட் பில், ஒரு ஆளின் சம்பளம், மெஷினுக்கு இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), உங்கள் வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 80,000 என்று வையுங்கள். மூன்று மாதத்துக்கு 2,40,000. முதல் பேமென்ட் வரும்வரை இது உங்கள் கையில் இருந்தாக வேண்டும். ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால், பார்ட்டி பணம் தராவிட்டாலும் பில்லுக்கான வரியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். நீங்களோ இருக்கும் 6 லட்சத்தையும் நகைப் பணத்தையும் மெஷினிலேயே போட்டுவிடுகிறீர்கள். ரொட்டேஷனுக்கு, அதாவது பணம் வரும்வரை செலவைச் சமாளிக்க, ஒரு ரூபாய் இல்லை. நல்ல வேலைக்காரர்கள் பலர் ஆர்டர் இருந்தும் மெஷினை விற்றது இந்த இடத்தில்தான். நகையைத் தொடாதீர்கள். 3 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள் எந்த மெஷின் கிடைக்கும் என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் வேலையில் இருந்து சேருங்கள்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். அது வரும் லாபத்தை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொழிலுக்கு என்று தனியாக ஒரு கரன்ட் அக்கவுன்ட் திறந்து, அதிலிருந்து மாதம் ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது வாங்குவதைவிடக் கூடாமல். மீதியைத் தொட வேண்டாம். முதல் நல்ல வருடத்திலேயே பட்டறைப் பணத்தில் கார் எடுத்துவிட்டு, அடுத்த வருடம் ஆர்டர் குறையும்போது தவிப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். அந்த மீதிதான் அடுத்த மெஷின், அப்புறம் சொந்த ஷெட்.

அந்த இரண்டு பார்ட்டிகளிடமும் மாதம் எவ்வளவு வேலை, எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒருவராவது எழுதித் தரும்வரை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்