உலகமே கேள்வி கேட்கும் என்று தெரிந்தும் அடக்குமுறை அரசுகள் பத்திரிகையாளர்களை ஏன் கொல்கின்றன?

உலகம் பேசினால் அரசுக்கு நஷ்டம் என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். செய்தி அறையில் சில வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உலகம் பேச வேண்டும், அதைக் கேட்டு மற்றவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் பல கொலைகள் நடக்கின்றன.

ரஷ்யாவின் செச்சன்யா பகுதியில் ரஷ்யப் படைகள் செய்ததை எழுதிவந்த பத்திரிகையாளர் அன்னா பொலிட்கோவ்ஸ்கயா, 2004-இல் பெஸ்லான் பள்ளி முற்றுகை பற்றி எழுதக் கிளம்பினார். விமானத்தில் தேநீர் குடித்ததும் சுருண்டு விழுந்தார். பிழைத்து, மறுபடியும் எழுதினார். 2006 அக்டோபர் 7 அன்று கடைக்குப் போய்த் திரும்பியவரை, மாஸ்கோவில் அவர் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட்டிலேயே சுட்டார்கள். 2014-இல் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஏவியவர் யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை. சரி, மாட்டியவர்களாவது உள்ளே இருந்தார்களா? 20 ஆண்டு தண்டனை பெற்ற முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் உக்ரைன் போருக்குப் போனார். 2023-இல் மன்னிப்பு பெற்று வெளியே வந்துவிட்டார். அடுத்த கொலையாளிக்கு இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

சவுதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு வேண்டிய பத்திரம் வாங்க 2018-இல் இஸ்தான்புல் சவுதி துணைத் தூதரகத்துக்குள் போனவரை அங்கேயே கொன்றார்கள்; உடல்கூட இன்னும் கிடைக்கவில்லை.

எனக்கு மறக்காத பெயர் சுகிர்தராஜன். இலங்கைத் தமிழ் நாளிதழ் 'சுடர் ஒளி'யின் நிருபர். 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தபோது, கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றது ராணுவம். இவர் எடுத்த படங்களில் தலையில் குண்டு பாய்ந்த காயம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வாரம்தான். வேலைக்குப் போகப் பேருந்துக்காக நின்றவரைச் சுட்டுவிட்டார்கள். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. (தேர்தல் நடக்கும் நாடுதானே என்பீர்கள். தேர்தல் ரஷ்யாவிலும்தான் நடக்கிறது.)

அப்புறம் என்ன நடக்கும்? மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட மாட்டார்கள். வார்த்தை மாறும். நான் இருந்த இடத்தில் கண்ணால் பார்த்தேன். 'படையினர் சுட்டுக் கொன்றனர்' என்று நிருபர் எழுதி அனுப்பியிருப்பார். பக்கம் முடிக்கிற அவசரத்தில், யாரும் சொல்லாமலேயே, அது 'துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்' ஆகிவிடும். சுட்டது யார் என்பது வாக்கியத்திலிருந்து காணாமல் போயிருக்கும். அப்படித் திருத்தியவர்களில் நானும் ஒருவன்.