கோட்டோவினாவின் விடுதலை எதைத் தீர்த்தது?

கேள்வி: பிரெஞ்சுக் கூலிப்படையிலிருந்து வந்த ஆன்டே கோட்டோவினா, குரோஷியப் படையில் தளபதியாக உயர்ந்தது எப்படி? யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயமே விடுதலை செய்த பிறகும் அவரைக் குறை கூறுவது வெறும் காழ்ப்புணர்ச்சிதானே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: 1973இல் அவர் சேர்ந்த அந்நியர் படையைக் கூலிப்படை என்பது தவறு, அது பிரெஞ்சு இராணுவத்தின் முறையான அங்கம். குறைதான் வேண்டுமென்றால், பின்னாளில் பிரான்ஸில் கொள்ளை வழக்கொன்றில் அவர் சிறை சென்றதைச் சொல்லியிருக்கலாம்.

யூகோஸ்லாவியாவிலிருந்து குரோஷியா பிரிந்த 1991இல், யூகோஸ்லாவிய இராணுவத்தின் பீரங்கிகளும் டாங்குகளும் பெரும்பாலும் செர்பியர் தரப்பில் இருக்க, ஐ.நா.வின் ஆயுதத் தடைக்கு நடுவே அவசர அவசரமாகப் படை திரட்டிய குரோஷியாவுக்கு, போர்முனையைக் கண்டவர்கள் அரிதாகவே கிடைத்தார்கள். மறு ஆண்டு அக்டோபரிலேயே அவர் ஸ்பிளிட் படை மாவட்டத்தின் தளபதி. ஆனால் அந்தப் பதவியில் அவரை நிலைநிறுத்தியது ஆள் பஞ்சமன்று. 1994 குளிர்காலம் தொடங்கி, தினாரா மலைத்தொடரை ஒட்டிப் பொஸ்னிய மண் வழியாகப் படிப்படியாக முன்னேறி, 1995 ஜூலை இறுதியில் கிளாமோச், போசன்ஸ்கோ கிராகோவோ ஆகிய ஊர்களைப் பிடித்து, குரோஷியாவுக்குள் தனி ஆட்சி அறிவித்திருந்த கிராயினா செர்பியரின் தலைநகரான க்னினுக்கு வரும் முக்கியப் பாதையை அவர் அறுத்துவிட்டிருந்தார். ஆகஸ்ட் 4இல், கிராயினாவை மீட்க குரோஷியப் படை நடத்திய 'புயல்' நடவடிக்கை தொடங்கியது. மறுநாளே க்னின் வீழ்ந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் வெளியேறினார்கள்.

இனி, தீர்ப்பு. இந்த நடவடிக்கைக்காக 2001இல் ஹேக்கில் குற்றம் சாட்டப்பட்டுத் தலைமறைவான கோட்டோவினா, 2005 டிசம்பரில் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் பிடிபட்டார். 2011இல் விசாரணை அமர்வு விதித்தது 24 ஆண்டுச் சிறை. இராணுவ இலக்குகளிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டுகள் குடிமக்களைக் குறிவைத்தவை என்பது அதன் கணக்கு. அந்த அளவுகோலுக்கு ஆதாரமில்லை என்பதில் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவரும் ஒன்றுபட்டார்கள். விடுதலை செய்வதிலோ மூவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். 2012 நவம்பர் 16இல் வந்த அந்தத் தீர்ப்பு முடிவானது. அவரைப் போர்க்குற்றவாளி என்று எழுத எவருக்கும் உரிமையில்லை, எமக்கும் இல்லை.

அதற்காக, குற்றமே நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பைப் படிப்பது தகாது. போகாமல் தங்கிவிட்ட முதியவர்கள் கொல்லப்பட்டதும் வீடுகள் கொளுத்தப்பட்டதும் எவரும் மறுக்காத உண்மைகள். கிராயினாவில் போர் ஓய்ந்து ஏழு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 28இல் வரிவோதே என்னும் சிற்றூரில் செர்பிய முதியவர்கள் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது கோட்டோவினா பொஸ்னியப் போர்முனையில் இருந்தார் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அந்தச் சாவுகளுக்காக முடிவான தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை. நீங்கள் காழ்ப்பு என்று தள்ளும் குறைகளில் பல, அவரைவிட குரோஷிய அரசு வழக்கறிஞர்களை நோக்கியே எழுப்பப்படுகின்றன.