1952-ல் தொடங்கியதா மானுட ஊழி?

கேள்வி: நாம் இப்போது வாழ்வது ‘ஆந்த்ரோபோசீன்’, அதாவது மனிதன் பூமியை மாற்றிய மானுட ஊழி என்று படித்திருந்தேன். 2024-ல் நிலவியலாளர்கள் அதை நிராகரித்துவிட்டார்கள் என்கிறாள் தோழி. அப்படியானால் மனிதனால் பூமி மாறவில்லை என்று ஆகிவிடுமா ஐயா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: ஆகாதம்மா. வாக்கெடுப்பு நடந்தது வேறொரு கேள்விக்கு: 1952-ல் புதிய ஊழி, அதாவது பூமி வரலாற்றின் புதிய காலப்பிரிவு, தொடங்கியது என்று ஏற்கலாமா என்பதற்கு. புதிய ஊழி ஒன்றை ஏற்க வேண்டுமானால், அது தொடங்கும் அடுக்கை ஏதாவது ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இப்போதைய ஊழியான ஹோலோசீனுக்கு அந்த இடம் கிரீன்லாந்துப் பனிக்குள், சுமார் 1,492 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

மானுட ஊழிக்காக 2023-ல் முன்மொழியப்பட்டது கனடாவின் கிராஃபோர்டு ஏரி. முப்பது வருடம் பாறை அடுக்குகளைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். இத்தனை துல்லியமான படிவை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். சின்ன ஏரி, ஆனால் 24 மீட்டர் ஆழம். மேல்நீரும் அடிநீரும் கலப்பதே இல்லை. கோடையில் நீரில் உருவாகும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் இறங்கிப் படியும். அதன்மேல் மக்கிய கருஞ்சேறு. ஆண்டுக்கு ஒரு ஜோடி, கலையாமல். மரத்தின் வளையம்போல எண்ணிக்கொண்டே வரலாம். 1950-களின் தொடக்கத்துக்கு வந்தால் புளுட்டோனியம் ஏறுகிறது. பசிபிக் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் எச்சம், ஒரு கனடா ஏரியின் சேற்றில்! கூடவே நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த கரித்துகள். நான் 1950-ல் பிறந்தவன். அந்தப் படிவின் படத்தில் என் வயதுக்குரிய கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது நெஞ்சு கனத்தது.

ஆனாலும் நிலவியலாளர் குழுவில் ஆதரவு 4, எதிர்ப்பு 12 என்று தீர்மானம் தோற்றது. அந்தக் குழுவில் இருந்திருந்தால் நானும் எதிர்த்தே வாக்களித்திருப்பேன். தொடக்கம் 1952 என்று கோடு கிழித்தால், அதற்கு முன் அழித்த காடுகளும், இரண்டு நூற்றாண்டு எரித்த நிலக்கரியும் மானுட ஊழிக்கு வெளியே போய்விடுமே! மனிதன் பூமியை மாற்றியது ஒரே நாளில் நடந்ததல்ல. இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தில் தொடங்கியது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு; இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதை மறுத்து யாரும் வாக்களிக்கவில்லை என்று உங்கள் தோழியிடம் சொல்லுங்கள்.

சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேர்வில் அதிகாரபூர்வ ஊழியைக் கேட்டால் மட்டும் ஹோலோசீன் என்றே எழுதுங்கள். அதற்குள் நாம் இருக்கும் பிரிவு மேகாலயன். 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது.